நீலச்சாலுக்கு உறை

கதவைத் திறப்பதற்கு முன்பே நீலக்காவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

தோளில் பயணப்பை, கையில் சாயப்பட்டறைச் சாவி, பேருந்தில் குலுங்கிய குலுக்கல் உடம்பை விட்டு இன்னும் இறங்கவில்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் குழந்தைக்கு மஞ்சள் கண்டது, அது தெளிவதற்குள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. வாரம் மாதமாகிவிட்டது. இன்று காலைதான் ஊர் வந்து இறங்கினாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்தவளை, கதவிடுக்கில் கசிந்த வாசனை படியிலேயே நிறுத்தியது.

நல்ல சாயச்சாலுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்ட பிறகு மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தால் வருமே, அந்த மாதிரி, அடியில் லேசான இனிப்போடு. பழகாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவளுக்கோ அது பிள்ளையின் உச்சந்தலை வாசனை. ஆனால் இப்போது வந்தது வேறு. மூடி வைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்ததுபோன்ற புளிப்பு நெடி.

உள்ளே, ரொட்டிக்கடையின் அடுப்புச் சுவரை ஒட்டி, இடுப்பளவு ஆழமுள்ள பெரிய மண்சால் பாதி தரைக்குள் புதைந்திருந்தது. அவுரி இலையிலிருந்து எடுத்த நீலக்கட்டி, சாம்பல் தெளிவு, சுண்ணாம்பு, கொஞ்சம் தவிடு, இவ்வளவுதான் அதில். ஆனால் அது உயிருள்ள சரக்கு. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தவிட்டைத் தின்று, கரையாத நீலத்தைக் கரைத்துக் கொடுக்கும். உயிரோடு இருந்தால் மேலே செம்பு நிறத்தில் ஆடை படியும், நடுவில் நீல நுரை குவியும். அந்த நுரையைச் சாயக்காரர்கள் பூ என்பார்கள்.

மூடியைத் தூக்கினாள். பூ இல்லை, ஆடையும் இல்லை. சாம்பல் நிறத்தில் கலங்கிய தண்ணீர். ஒரு துண்டுத் துணியை முக்கி எடுத்துக் காற்றில் பிடித்தாள். பச்சையாக வந்து நீலமாக மாறவேண்டிய துணி, பாத்திரம் கழுவின தண்ணீரின் நிறத்தில் வந்து அப்படியே தொங்கியது.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. முதலில் வந்தவர் தோட்டக்காரர்.

"வந்துட்டியா தங்கச்சி! பேரன் எப்படி இருக்கான்? யார் ஜாடை?"

"அண்ணே, சால் ஏன் இப்படி நாறுது?"

தோட்டக்காரர் விழித்தார். "அது எப்பவுமே நாறத்தானே செய்யும்?"

அவருக்குப் பின்னால் மாவு மில்காரர் வந்தார். வருஷம் முழுக்கத் தும்முகிறவர், ஊர் அவருக்குத் தும்மல் மாமா என்று பேர் வைத்திருந்தது. கூடவே தறிக்காரர். எந்த வாக்கியத்தையும் பாதியில் விழுங்கிவிடுவதால் அவர் பேர் அரைவார்த்தை. கடைசியாக, முழங்கை வரை மாவோடு வந்து வாசலில் சாய்ந்து நின்றாள் ரொட்டிக்கடைக்காரி. நீலக்காவின் நாத்தனார், அவள் கணவரின் அக்கா. கணவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. உறவு மட்டும் போகவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர், அதுவும் சூடான சுவர்.

"என்ன போட்டீங்க இதுல?" என்று கேட்டாள் நீலக்கா.

"நீ போன்ல சொன்னதைத்தான்," என்றார் தோட்டக்காரர். "வாரத்துக்கு ஒரு பிடி தவிடு, ஒவ்வொரு வாரமும் ஒருத்தர். முதல் வாரம் நான். கரெக்டா போட்டேன்." பிறகு கழுத்தைச் சொறிந்தார். "அடுத்த வாரம் இவன் முறை. இவன் மறந்துடுவானோன்னு, சும்மா, நானும் ஒரு பிடி..."

"யாரு மறந்தது?" தும்மல் மாமாவுக்கு ரோஷம் வந்தது. "தவிடே என் மில்லு தவிடு, நானா மறப்பேன்? நான் என்ன நினைச்சேன்னா, தறிக்காரன் சிக்கனக்காரன், பிடின்னா மூணு விரல்ல எடுப்பான். அதனால அவன் போட்டுட்டுப் போனதும் பின்னாலயே போய் நான் ஒரு கை..."

எல்லோரும் தறிக்காரரைப் பார்த்தார்கள்.

"நான் தினம்..." என்றார் அவர்.

"தினம் என்ன?"

"ஒரு ரெண்டு..."

"ரெண்டு என்னய்யா? விரலா, கையா?"

"கை."

தும்மல் மாமா தொண்டையைச் செருமினார். "அளவுக்கு மிஞ்சினா..."

"பழமொழி சொன்னீங்க, மூட்டையோட தலையில கவுத்துடுவேன்," என்றாள் நாத்தனார். "என் முறை வந்தப்போ மூடியைத் திறந்து பாத்தேன். கல்யாண வீட்டுல வயிறு முட்டத் தின்ன பிள்ளை மாதிரி உப்பிக் கிடந்துச்சு. ஒண்ணும் போடாம மூடிட்டேன். இவர்கிட்டச் சொல்லவும் சொன்னேன். 'உனக்கு ரொட்டியைப் பத்தித்தான் தெரியும்'னாரு."

தோட்டக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சரி, அதை விடு," என்று நாத்தனார் நீலக்காவின் பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"எல்லாரும் போங்க," என்றாள் நீலக்கா. குரல் உயரவில்லை. "நான் பாத்துக்கறேன். போங்க அண்ணி, நீங்களும்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். புளித்த சாலுக்கு அதுதான் வைத்தியம்: சுண்ணாம்பு, பிறகு ஓய்வு. மெதுவாகக் கலக்கி மூடிவிட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறொன்று. அதை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. கண்டதும் கூசிப்போனாள்.

அது ஒருவிதத் திருப்தி. பார்த்தாயா, நீ இல்லாமல் முடியவில்லை என்று உள்ளே யாரோ முணுமுணுத்தார்கள். மகள் வீட்டில், தொட்டிலை ஆட்டியபடியே, சால் நன்றாக இருக்கவேண்டும் என்று எத்தனை முறை வேண்டிக்கொண்டாள்! அந்த வேண்டுதலுக்கு அடியில் இப்படி ஒன்று பதுங்கி இருந்திருக்கிறது.

யார் தோற்றதில் இந்தத் திருப்தி? அதை நினைக்க நினைக்க வெட்கம் கூடியது. இந்தச் சாலே அவள் தனியாகச் செய்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு அவளும் எல்லோரையும்போலப் பாக்கெட் சாயம்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சுலபமான வேலை, பளிச்சென்ற நிறம். கழிவுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிப் போகும். எங்கே போகிறது என்று அவள் யோசித்ததில்லை. ஒருநாள் தோட்டக்காரர் வந்தார். கையில் ஒரு காலிஃபிளவர், அடிப்பக்கம் ஊதா நிறத்தில். அதைப் படியில் வைத்துவிட்டு, "இதுக்கு என்ன பேரு வைக்கலாம்னு சொல்லு தங்கச்சி" என்றார். சண்டைக்கு வந்தவர்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சண்டையை மறந்து உட்கார்ந்துவிட்டார். பட்டறையை மூடிவிடலாம் என்று அவளே சொன்னாள். "மூடினா என் தோட்டம் பிழைக்கும், நீ எப்படிப் பிழைப்பே?" என்று கேட்டுவிட்டு, நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். தோட்டத்தின் ஓரத்தில் அவுரி போடலாம், மண்ணுக்கும் அது உரம் என்றார்.

அப்படி ஒன்று ஒன்றைத் தொட்டது. அவுரி இலையில் நீலம் எடுத்த பிறகு சக்கை தோட்டத்துக்கே போயிற்று. சாலுக்குச் சூடு வேண்டும், விறகு எரித்துக் கட்டுப்படியாகாது என்றபோது நாத்தனார், "என் அடுப்புச் சுவரு வீணாத்தானே காயுது, அதுல முதுகைச் சாய்ச்சு வை" என்றாள். அடுப்புச் சாம்பலும் அவளுடையது. தவிடு தும்மல் மாமாவுடையது. வெளுப்புமருந்து போட்ட நூலில் இந்த நீலம் சரியாக ஒட்டவில்லை என்று தெரிந்ததும், தறிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல், வெளுக்காத பச்சை நூலுக்கு மாறினார். ஆளாளுக்குத் தனித்தனியாக முட்டிக்கொண்டிருந்த தொழில்கள் ஒன்றையொன்று தாங்கத் தொடங்கின. போன மாதம், நகரத்து மருத்துவமனை ஒன்று குழந்தைகள் வார்டுக்குத் திரைச்சீலை கேட்டு ஆள் அனுப்பியது. ரசாயனம் படாத துணி வேண்டுமாம். ஐந்து பேருக்கும் சேர்த்து வந்த முதல் பெரிய வேலை. நெய்த துணி தறிக்காரர் வீட்டில் அடுக்கிக் காத்திருந்தது. நீலம் ஏறவேண்டியதுதான் பாக்கி.

இத்தனையையும் அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். கணவர் இறந்த வருஷம் நாத்தனார் தினமும் விடியலில் ரொட்டி அனுப்பினாள். அந்தப் பாத்திரம் ஒருநாளும் வெறுமனே திரும்பிப் போனதில்லை. ஒரு சாயத் துண்டு, தைத்த கைப்பிடித் துணி, எதுவும் இல்லையென்றால் ரொட்டிக்கடையின் மாவுத் துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாவது அனுப்புவாள். ரோஷக்காரி என்று ஊர் மெச்சியது. ரோஷம் அல்ல அது, பயம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஒருவரிடம் நிமிஷ நேரம்கூட நிறைந்த கையோடு நிற்க அவளுக்குத் தெரியவில்லை.

இடையிடையே சுவரில் டக், டக் என்று சத்தம் கேட்டது. ரொட்டித் துடுப்பின் பிடியால் நாத்தனார் தட்டுகிறாள். இருவருக்கும் பழக்கமான அழைப்பு. நீலக்கா பதில் தட்டவில்லை.

மறுநாளும் சுண்ணாம்பு. அதற்கு மறுநாளும். புளிப்பு நெடி அடங்கியது, ஆனால் பூ வரவில்லை. துணியை முக்கி முக்கிப் பார்த்தாள். சுவர் தட்டிக்கொண்டே இருந்தது. கதவையும் யாரோ தட்டினார்கள். "தங்கச்சி, திட்டவாவது திட்டேன்!" என்று தோட்டக்காரர் குரல். "நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே அண்ணே" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

கடைசியில் சால் செத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. புதிதாகக் கட்டலாம். ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து பூ வர ஒரு மாதமாவது ஆகும். மருத்துவமனை அதுவரை காத்திருக்காது.

ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் கிடந்த தகர டப்பாவை இறக்கினாள். உள்ளே பழைய பாக்கெட் சாயங்கள். ஒன்று கிழிந்து டப்பாவின் அடி முழுக்கக் கருநீலமாக இருந்தது. இரண்டு நாள் வேலை. திரைச்சீலை பளிச்சென்று வந்துவிடும். வாங்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியாமலும் போகலாம். வாய்க்காலுக்குத் தெரியும். கீழே, காலிஃபிளவர் பாத்தியை ஒட்டி நிற்கும் அவுரிக்குத் தெரியும். அந்த வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தாள். பிறகு மகள் வீட்டில் தூங்கும் தன் பேரனை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதைத் தனியாக முடிவு செய்ய அவளால் முடியவில்லை. செய்யவும் கூடாது என்று பட்டது. துணி அவருடையது, தோட்டம் இவருடையது. போய்ச் சொல்லவேண்டும், சால் செத்துவிட்டது, எனக்கு வழி தெரியவில்லை என்று. அந்தக் கடைசி வார்த்தையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

தாழை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

படியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மடியில், துண்டில் சுற்றிய பெரிய ஊறுகாய் ஜாடி.

"திறந்துட்டியா மகாராணி! என் துடுப்புப் பிடியே தேஞ்சுபோச்சு. செவிடாயிட்டியோன்னு பாத்தேன்."

"அண்ணி, சால்..."

"செத்துப் போச்சு, தெரியும். இந்தா."

துண்டைப் பிரித்து ஜாடியின் மூடியைத் திறந்தாள். நீலக்கா குனிந்தாள். முதலில் வாசனைதான் வந்தது, மழை விட்ட கொட்டகை வாசனை. பிறகுதான் பார்த்தாள். ஜாடியின் வாய் நிறைய, செம்பு நிறத்தில் பளபளவென்று ஆடை. நடுவில் விரல் நுனியளவு நீல நுரை.

"இது... எங்கிருந்து அண்ணி?"

"எங்கிருந்து வரும், வானத்துலேர்ந்தா? நீ பஸ் ஏறின அன்னிக்கே மொண்டு வெச்சுட்டேன். எந்த ரொட்டிக்காரியாவது எல்லா மாவையும் சுட்டுட்டுத் தூங்கப் போவாளா? நாளைக்குன்னு ஒரு கை உறைக்கு எடுத்து வெக்கணும். உன் சாலுக்கு உறை எங்கேன்னு பாத்தேன். காணோம். எல்லாத்தையும் ஒரே பானையில வெச்சுட்டுப் போற, பெரிய கெட்டிக்காரி!"

நீலக்கா ஆடையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் சாலை விட்டு இரண்டு நாளுக்கு மேல் நகர்ந்ததில்லை. அவளே உறையாக இருந்திருக்கிறாள். அதனால்தான் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

"என்ன போட்டீங்க இதுக்கு?"

"தோணினப்போ மூணு விரல் தவிடு. தினம் மூக்கை வெச்சுப் பாப்பேன். பசிக்குதா, செரிக்கலையான்னு அதுவே சொல்லிடும். மாவுக்கும் அப்படித்தானே?" பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தினாள். "கேக்காமதான் எடுத்தேன். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டே."

உண்மை. கொடுத்திருக்க மாட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி, அவங்க எல்லாம் இருக்கும்போது?"

"சொல்லத்தானே வந்தேன்? போங்கன்னே. அதுக்கு முந்தி இந்த மூணு பேருகிட்டச் சொல்லலாம்னா, இதுக்கும் வந்து ஊட்டியிருப்பானுங்க!"

நீலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பு எங்கோ வழுக்கி அழுகையாகிவிட, முகத்தை மூடிக்கொண்டாள். நாத்தனார் அவள் முதுகைத் தட்டவில்லை, தேற்றவில்லை. ஜாடி சாயாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது போதுமாக இருந்தது.

அன்று மத்தியானம் பட்டறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. செத்த சாலைக் காலி செய்தார்கள். தோட்டக்காரர் அதைக் குடம் குடமாக எருக்குழிக்கு எடுத்துப் போனார். "இவ்வளவு தவிடு தின்ன எரு, எங்கேயும் கிடைக்காது" என்றார். தறிக்காரர் சாலுக்குள் தலைகீழாகக் குனிந்து தேய்த்தார். தும்மல் மாமா அடுப்புச் சாம்பலைச் சலித்தார். அவர் தும்மிய தும்மலில் பாதிச் சாம்பல் தறிக்காரர் முதுகில் போய் விழுந்தது. போன பருவத்தில் எடுத்த நீலக்கட்டிகளைத் தோட்டக்காரர் மனைவி அரைத்துக் கொடுத்தாள். வழக்கமாக, கொடுங்கள் நானே செய்கிறேன் என்று குறுக்கே விழும் நீலக்கா, அன்று முக்காலியில் உட்கார்ந்து, எது எவ்வளவு என்று சொல்ல மட்டும் செய்தாள். கைகள் பரபரத்தன. அவற்றை மடியில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் செய்தாள்.

எல்லாம் கலந்து வெதுவெதுப்பானதும், ஜாடியிலிருந்ததை நாத்தனார் ஊற்றினாள்.

"இனிமே தவிடு?" என்று கேட்டார் தோட்டக்காரர், பவ்யமாக.

"பூ வர்ற வரைக்கும் நான் மட்டும். அதுக்கப்புறம் முறை போட்டுத் தரேன். ஒருத்தர் போட்டா, அடுத்தவங்க பாக்கற மாதிரி மூடி மேல ஒரு கல்லு வெக்கணும். கல்லு இருந்தா யாரும் மூடியைத் தொடக்கூடாது."

"நான் மில்லுல தவிட்டு மூட்டைக்கே பூட்டுப் போட்டுடறேன்," என்றார் தும்மல் மாமா. "எனக்கே என்மேல நம்பிக்கை இல்லை."

உறை நல்ல உறை. வாரம் திரும்புவதற்குள் சால் பூத்தது. எல்லோரும் கூடி நிற்க, தறிக்காரரின் முதல் துணியை நீலக்கா முக்கி எடுத்தாள். மஞ்சளும் பச்சையுமாக வெளியே வந்த துணி, காற்று பட்ட இடத்திலெல்லாம் மெல்ல மெல்ல நீலமாயிற்று. பலமுறை பார்த்ததுதான். இருந்தும் யாரும் கண்ணை எடுக்கவில்லை. தறிக்காரர் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டார்.

"நம்ம நீலம், நல்லா வந்திருக்கு," என்றார். முழு வாக்கியம். தும்மல் மாமா ஆச்சரியத்தில் தும்ம மறந்தார்.

திரைச்சீலைகள் கொடியில் வரிசையாக ஏறின. நாத்தனார் காலி ஜாடியை நீட்டினாள். "எடுத்த உறைக்கு உறை திரும்ப வெக்கணும். ஊத்து." நீலக்கா வாய் நிறைய மொண்டு கொடுத்தாள். அதைப் பார்த்த தோட்டக்காரர், எங்கள் வீட்டிலும் ஒரு ஜாடி சும்மாதான் இருக்கிறது என்றார். தறிக்காரர் ஏற்கெனவே ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"கொன்னுடுவீங்களே," என்றாள் நாத்தனார்.

"கொன்னா பரவாயில்லை அண்ணி," என்றாள் நீலக்கா. "இங்க வந்து மறுபடி வாங்கிக்கட்டும்."

எல்லோரும் போன பிறகு நாத்தனார் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். என்ன கொடுத்து அனுப்பலாம் என்று நீலக்காவின் கண்கள் பழக்கதோஷத்தில் பட்டறையைச் சுற்றி ஓடின. கொடியில் ஒரு துண்டு இருந்தது. புதிது, நல்ல நிறம். எட்டி எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

நன்றி என்று சொல்லலாம். சொன்னால், உடம்புக்கு ஏதாவதா என்று நாத்தனார் கேட்பாள். தவிர அந்த வார்த்தையும் ஒருவகையில் பாத்திரத்தை நிரப்பித் திருப்பி அனுப்புவதுதான்.

"அண்ணி."

"என்ன?"

"பசிக்குது. ஒரு ரொட்டி குடுங்களேன்."

நாத்தனார் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆனால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னிக்குச் சுட்டது எல்லாம் போயிடுச்சு. நேத்து ரொட்டிதான் கிடக்கு. கல்லு மாதிரி இருக்கும்."

"அதையே குடுங்க."

சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அடுப்பின் மிச்சச் சூட்டில் வாட்டிய ரொட்டியின் மணம் வந்தது. நாத்தனார் அதைத் துணியில் வைத்துக் கொடுத்துவிட்டு, வெண்ணெய் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். நீலக்கா சாலுக்குப் பக்கத்தில், சூடான சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்தாள். அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் வெள்ளை மாவில் நீலமாக ஒரு ரேகை பதிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ரொட்டி சுற்றி வந்த துணி மடியில் வெறுமனே கிடந்தது. சாயங்காலம் போகும்போது அதை அப்படியே கொடுத்துவிட்டுப் போனாள்.